அன்று ரெக்கார்டிங் சென்டர், இன்று டாக்

எண்பதுகளில் மதுரையில் பாட்டு கேட்கும் ஆசை முற்றியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ரெக்கார்டிங் சென்டர். டவுன்ஹால் ரோட்டிலும் மாசி வீதிகளிலும் அப்படிச் சின்னச் சின்னக் கடைகள் இருந்தன. சுவர் முழுக்க எல்.பி. உறைகள். மேசைமேல் ஒரு டர்ன்டேபிள். பக்கத்தில் அடுக்கிவைத்த கேசட் டெக்குகள். நோட்டுத் தாளைக் கிழித்துப் பாட்டு வரிசையை எழுதி, காலி கேசட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவோம். 90 நிமிடக் கேசட்டில் இருபது பாட்டு வரை அடங்கும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று யோசித்தே ஒரு வாரம் போய்விடும்.

நான் சோழவந்தான் பக்கத்திலிருந்து மதுரைக்குக் கல்லூரிக்கு வந்துபோன காலம் அது. நான் வழக்கமாகப் போன கடையின் அண்ணனை இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். ஒலி என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"அண்ணே, நாளைக்கு ஊருக்குப் போறேன். காலையில கிடைக்குமா?"

"கிடைக்காது தம்பி. ஊசி தேஞ்சு போயிருக்கு. புது ஊசி வரட்டும், மாட்டிட்டு ஏத்தித் தர்றேன். இப்ப ஏத்துனா பாட்டுல 'ச' வர்ற எடமெல்லாம் சீறும்."

வாசலில் வாடிக்கையாளர் நிற்கும்போது, கையில் காசு வரும்போது, ஊசி தேய்ந்திருக்கிறது என்று சொல்லி வேலையைத் தள்ளிவைத்தார். அவருக்கு அந்தப் பாட்டின் மேல் அவ்வளவு அக்கறை. டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்காமல் அவர் பதிவைத் தொடங்கிப் பார்த்ததில்லை. ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் மேல் ஸ்தாயி ஒலிகள் மங்கிவிடும் என்று சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருப்பிக் காட்டுவார். திருப்பத் திருப்ப, மங்கிக் கிடந்த சலங்கை ஒலி துலங்கி வரும். பதிவு ஓடும்போது பேச்சு கிடையாது. கண் மீட்டரின் முள்மேலேயே இருக்கும். முள் சிவப்புக்குள் நெடுநேரம் நின்றால் ஒலி உடையும். மிகவும் தாழ்ந்து கிடந்தால் நாடாவின் 'ஸ்ஸ்' இரைச்சலில் பாட்டு முங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனி இடம் பிடிப்பார். கேசட்டின் ஒரு பக்கம் முடியப்போகிறது என்றால் பாதிப் பாட்டை ஏற்றமாட்டார்; காலியாகவே விட்டுவிடுவார்.

கேசட்டிலும் சாதி உண்டு. சாதாரண டி.டி.கே. டி-90 ஒரு விலை. குரோம் வகையைச் சேர்ந்த எஸ்.ஏ. வேறு விலை. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ யாராவது வந்தால்தான் எஸ்.ஏ. கைக்குக் கிடைக்கும். கிடைத்த அன்று அதில் என்ன ஏற்றுவது என்பதில் சந்தேகமே இருக்காது: எக்கோ கம்பெனி வெளியிட்ட இளையராஜாவின் எல்.பி. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர், 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்தவர், பத்தே ஆண்டுகளில் 'ஹௌ டு நேம் இட்?' என்ற இசைத்தட்டை வெளியிட்டிருந்தார். திருச்சி வானொலியையும் இலங்கை வானொலியையும் மத்திய அலையில் இரைச்சலோடு பிடித்துக் கேட்ட காது, அந்த வயலின்களைச் சுத்தமாகக் கேட்டபோது என்ன பாடு பட்டிருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தை நான் உயர்த்திப் பேசவில்லை. கேசட்டில் நாடா ஓடும் வேகம் விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. சாதாரண நாடாவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே ஐம்பது டெசிபல் சொச்சம்தான் இடைவெளி. ஊர்த் திருவிழாவில் 'ரேடியோ செட்' கட்டினால் கூம்புக் குழாயில் வருவது நடுத்தர ஸ்தாயி மட்டும். அடி ஒலி, நுனி ஒலி இரண்டும் போய்விடும். வயல் தாண்டி அடுத்த ஊர் வரை பாட்டு போகும், ஆனால் பாதிப் பாட்டுதான் போகும். இழப்பு நிறையவே இருந்தது. ஆனால் எங்கே இழக்கிறோம் என்பது காதுக்குத் தெரிந்தது. ஊசியா, ஹெட்டா, நாடாவா என்று ஒரு மனிதர் தொட்டுக் காட்டுவார்; சரிசெய்யவும் செய்வார்.

இப்போது என் தங்கை மகன் அய்யர் பங்களா பக்கம் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறான். பெங்களூரில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. ஹாலில் நல்ல ஆம்ப்ளிஃபயர், நிற்கும் ஸ்பீக்கர் இரண்டு. இனி ஒரு 'டாக்' வேண்டும் என்றான். டிஜிட்டல் எண்களை அனலாக் மின்னழுத்தமாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் பெட்டிக்கு ஒலிப்பிரியர்கள் சொல்லும் சுருக்கப் பெயர் அது. டாப்பிங், எஸ்.எம்.எஸ்.எல்., ஃபியோ, ஐஃபை என்று சில ஆயிரம் ரூபாயிலிருந்து, டெனாஃப்ரிப்ஸ், கார்ட் என்று லட்சத்தைத் தாண்டும் பெட்டிகள் வரை ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தான்.

"மாமா, ஈ.எஸ்.எஸ். சிப் நல்லதா, ஏ.கே.எம். சிப் நல்லதா? ஒண்ணு கூர்மையா இருக்கும், இன்னொண்ணு மெத்துன்னு இருக்கும்னு சொல்றாங்க."

"முதல்ல அந்தப் பெட்டி என்ன வேலை பாக்குதுன்னு பாப்போம்டா. அப்புறம் சிப்புக்கு வருவோம்."

சி.டி. தரத்தில் பதிந்த பாட்டு என்பது, இடது வலது ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணும் 65,536 நிலைகளில் ஒன்றைக் குறிக்கும். அதைத்தான் 16 பிட் என்கிறோம். இந்த எண்களை வாங்கி, அதே வேகத்தில், அதே அளவில் மின்னழுத்தமாக மாற்றி, மேலே ஒட்டிக்கொண்டு வரும் தேவையற்ற அதிர்வுகளை வடிகட்டி, ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது டாக்கின் வேலை. எண்களுக்கு நடுவே இசை விட்டுப்போகிறது, ஒலி படிக்கட்டாக வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. காது கேட்கும் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அலையை, அதன் இரு மடங்குக்கு மேல் வேகத்தில் அளந்து வைத்தால், வடிகட்டிக்குப் பிறகு அதே வழுவழுப்பான அலையாக முழுமையாகத் திரும்பப் பெறலாம். நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரில் வழங்கும் இந்தக் கணக்கு, சி.டி. பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டது.

கணக்கு சரியாக இருந்தும் அதைச் செய்துகாட்டும் கருவி தொடக்கத்தில் எளிதில் அமையவில்லை. 1982-ல் ஜப்பானில் சி.டி. வெளிவந்தபோது சோனியின் முதல் பிளேயரான சி.டி.பி.-101 இடது, வலது இரண்டுக்கும் ஒரே கன்வெர்ட்டரை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது. பிலிப்ஸிடம் கையில் இருந்தது 14 பிட் கன்வெர்ட்டர். தட்டையே 14 பிட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் விருப்பம். சோனி 16-ல் உறுதியாக நின்றது. கடைசியில் பிலிப்ஸ் பொறியாளர்கள் எண்களை நான்கு மடங்கு வேகத்துக்கு ஏற்றி, இரைச்சலைக் காது கேட்காத பகுதிக்குத் தள்ளி, 14 பிட் சிப்பிடமிருந்தே 16 பிட் வேலையை வாங்கினார்கள். அன்று எந்த டாக் என்பது பெரிய கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. சி.டி. பிளேயர் வாங்கியவர்கள் உள்ளே என்ன சிப் என்று கேட்டு வாங்கியதில் பொருள் இருந்தது.

இன்று அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. காதுஜாக் இல்லாத கைபேசிகளுக்கென்று விரல் நீளத்தில் விற்கும் ஆப்பிளின் அடாப்டருக்குள்ளும் ஒரு முழு டாக் இருக்கிறது. அளவுக்கருவியில் வைத்துப் பார்த்தால், அன்று லட்சக்கணக்கில் விலைபோன பிளேயர்கள் பலவற்றை அது தாண்டிவிடும். எந்தச் சிப் என்ற கேள்விக்கும் ஒரு விபத்து விடை சொன்னது. ஜப்பானில் நோபெயோகாவிலிருந்த ஏ.கே.எம். தொழிற்சாலை 2020 அக்டோபரில் தீப்பிடித்தது. சிப் வராமல் பல கம்பெனிகள் தங்கள் பெட்டிகளுக்கு ஈ.எஸ்.எஸ். சிப்பை வைத்துப் புதிதாக வடிவமைத்தன. நன்றாக வடிவமைத்த பெட்டி, எந்தச் சிப்பாக இருந்தாலும் நன்றாகத்தான் பாடியது.

தங்கை மகன் விடவில்லை. "120 டெசிபல் சுத்தம்னு போட்டிருக்கான் மாமா. அது வேணாமா?"

மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் காட்டினேன். மதுரையில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட்டு கேட்க யாராலும் முடியாது. ஃபேன், தெருவில் போகும் ஷேர் ஆட்டோ, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் சேர்ந்து வீட்டுக்குள் நாற்பது டெசிபல் இரைச்சல் எப்போதும் இருக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றுதான் எல்லை வகுத்திருக்கின்றன. 16 பிட்டுக்கே 96 டெசிபல் இடைவெளி உண்டு. நாற்பதுக்கு மேல் 96 வைத்தால் 136. காது வலிக்கும் எல்லையை அது தாண்டிவிடும். 120 என்று அச்சடித்திருப்பது பொய்யில்லை. ஆனால் அந்த வீட்டில் அதற்கு வேலையில்லை.

அந்த ஹாலில் டாக்கைவிட முதலில் கவனிக்க வேண்டியது எதிரொலி. கிரானைட் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை, பெரிய ஜன்னல் கண்ணாடி. கை தட்டினால் ஒலி சுற்றிவந்து நிற்கிறது. எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரத்தைப் போடச் சொன்னேன். மதுரைக்காரர்கள், 'தில்லானா மோகனாம்பா'ளில் சிவாஜி வாசிப்பதாகத் திரையில் பார்க்கும்போது நாம் கேட்பது இவர்கள் வாசிப்பைத்தான். மீனாட்சியம்மன் கோயிலில் பத்தடி தூரத்தில் நின்று நாகஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு ஒலிக்கருவியைச் சோதிக்க வேறு உரைகல் தேவையில்லை. சீவாளியின் கரகரப்பு, தவிலின் தொப்பிப் பக்கத்து அடி, இரண்டும் இயல்பாக வந்தால் அந்த ஏற்பாடு தேறிவிட்டது. அந்த ஹாலில் நாகஸ்வரம் காதைக் குத்தியது. தரையில் தடித்த ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, ஸ்பீக்கரைச் சுவரைவிட்டு இரண்டடி முன்னால் இழுத்தோம். குத்தல் குறைந்தது. தவிலின் அடியும் இறுகி வந்தது. எந்த டாக்கும் அந்த வித்தியாசத்தைத் தந்திருக்காது.

இருந்தாலும் டாக் ஒன்று அவனுக்குத் தேவைதான். லேப்டாப்பின் காதுஜாக்கிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபயருக்கு வயர் போட்டிருந்தான். சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று ஓர் உறுமல். நம் ஊர் வீடுகளில் இது சர்வசாதாரணம். எர்த் சரியாகப் போடாத இணைப்பு, மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் திணிப்பது, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து கொண்டுவரும் வியாதி. கருவியில் ஆப்டிகல் வெளியீடு இருந்தால், இதற்கு மருந்து ஆப்டிகல் நுழைவு உள்ள டாக். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ ஆன இழையில் வெளிச்சமாகத்தான் எண்கள் போகின்றன. மின்சாரம் போக வழியே இல்லை. டிவியிலிருந்து இழுத்தால் அதன் ஒலி அமைப்பை பி.சி.எம். என்று மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் டால்பி வடிவில் அனுப்பும், டாக் ஊமையாக நிற்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்களை நான் அறிவேன். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொன்னேன். பாட்டுக்காக மட்டுமில்லை, உயிருக்காகவும்.

மற்றபடி பார்க்கவேண்டியவை கொஞ்சம்தான். வெளிவரும் அழுத்தம் வழக்கமான 2 வோல்ட்டாக இருக்கவேண்டும். ரிமோட்டும் ஒலியளவுத் திருகும் இருந்தால் வசதி. பழுதானால் நம் நாட்டிலேயே பார்த்துக்கொடுக்க ஆள் வேண்டும். ஏணிபோல் மின்தடைகளை அடுக்கிச் செய்யும் ஆர்-2ஆர் வகைப் பெட்டிகள் பொறியியலில் அழகானவை; அந்த அழகுக்காகவே விரும்பி வாங்குபவர்கள் வாங்கட்டும். கடையில் இரண்டு பெட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்காட்டினால், இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்கிறதா என்று கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகப் பாடுவதை நம் காது 'இதுதான் தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். கைபேசியிலிருந்து அரை வோல்ட் வரும் இடத்தில் 2 வோல்ட் வந்தால் எல்லாருக்கும் மயக்கம் வரத்தான் செய்யும்.

கடைசியில் பத்தாயிரத்துக்குள் ஒரு பெட்டி வாங்கினான். உறுமல் போனது. நன்றாக இருந்தது. அதன் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளில் வந்த ஒரு படப்பாட்டை இணையத்திலிருந்து போட்டான். எனக்கு நெஞ்சில் ஊறிய பாட்டு. ஆனால் தபேலா முன்னால் வந்து இடித்தது, பாடகியின் குரலைச் சுற்றி ஏதோ மண்டபத்து எதிரொலி, இடையிசையில் புல்லாங்குழல் நுழையும்போது இருக்கவேண்டிய அமைதி இல்லை. எல்லாம் ஒரே உயரத்தில் முட்டிக்கொண்டு நின்றன. என்னிடம் அதே பாட்டு கேசட்டில் இருக்கிறது, அண்ணன் எல்.பி.யிலிருந்து ஏற்றிக் கொடுத்தது. என் பழைய டெக்கைத் தூக்கிவந்து, அதே ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, ஒலியளவைச் சமமாக்கிப் போட்டோம். 'ஸ்ஸ்' இரைச்சல் இருந்தது. மேல் ஸ்தாயி சற்று மங்கியிருந்தது. ஆனால் குழல் தனக்குரிய தூரத்தில் நின்றது. குரலில் மூச்சு இருந்தது.

"மாமா, கேசட்டுல எப்பிடி மாமா இப்பிடி? இதுல டாக்கே இல்லையே."

கெடுதல் டாக்கில் நேரவில்லை. அதற்கு வெகு முன்னால், இந்தப் பாட்டு நாடாவிலிருந்து எண்ணாக மாறிய அன்றே நேர்ந்துவிட்டது. டாக்குக்கு எதிர்த்திசையில் ஒரு கன்வெர்ட்டர் உண்டு, அனலாக்கை டிஜிட்டலாக்குவது. நம் பழைய பாட்டுகளுக்கெல்லாம் அந்த மாற்றம் தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் ஏதோ ஓர் அறையில், யாரோ ஒருவர் கையால் நடந்து முடிந்தது. மூல நாடாவை எடுத்தார்களா, தேய்ந்த தட்டையா, கேசட்டையேவா? டெக்கின் ஹெட் நேராக இருந்ததா? இரைச்சலை நீக்குகிறோம் என்று குழலின் மூச்சையும் நீக்கினார்களா? எதையும் எங்கும் எழுதிவைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அதன்மேல் அடியொலியை ஏற்றினார்கள், எதிரொலி சேர்த்தார்கள், மோனோவை ஸ்டீரியோ ஆக்கினார்கள். நல்ல அக்கறையோடு மாற்றப்பட்ட பாட்டுகளும் இருக்கின்றன. அவற்றைக் கேட்டால் டிஜிட்டலின் மேல் மரியாதை வருகிறது. ஆனால் எது எப்படி வந்தது என்று கேட்பவருக்குத் தெரிய வழியில்லை.

2000-களில் தெருவெல்லாம் எம்.பி.3 சி.டி. விற்றது நினைவிருக்கும். ஒரே தட்டில் 150 பாட்டு. 128 கே.பி.பி.எஸ்.; சி.டி.யில் இருந்த தகவலில் பதினோரில் ஒரு பங்கு. அந்தக் கோப்புகளையே பின்னாளில் ஃப்ளாக் வடிவுக்கு மாற்றி 'லாஸ்லெஸ்', அதாவது இழப்பில்லாதது, என்று சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். என் தங்கை மகன் சேர்த்துவைத்திருந்ததில் கணிசமானவை அப்படிப்பட்டவை. சோதிக்க ஒரு வழி உண்டு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்கள். 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருந்தால் அது பெரும்பாலும் எம்.பி.3-யின் வயிற்றில் பிறந்தது. இழந்ததை எந்த டாக்கும் கொண்டுவராது. நல்ல டாக் வந்த எண்ணை அப்படியே காட்டும், அழுக்கையும் சேர்த்து.

ஆகவே என் தீர்ப்பு இது. டாக்குக்கு எர்த், நுழைவு, பழுது பார்ப்பு இவற்றைப் பார்த்து அளவாகச் செலவழியுங்கள். மிச்சத்தை மூலத்துக்கு வையுங்கள். ஒரே பாட்டு நான்கு வெளியீடுகளில் கிடைத்தால் நான்கையும் கேட்டு, சத்தம் கூடியதை விட்டு, மூச்சு இருப்பதை எடுங்கள். பாட்டுரிமை வைத்திருக்கும் கம்பெனிகளை நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பழைய பாட்டோடும், இது எந்த நாடாவிலிருந்து, எந்த ஆண்டில், யார் மாற்றியது என்று ஒரு வரி எழுதுங்கள். மூல நாடாக்கள் இன்னும் இருந்தால் மறுபடி எடுங்கள். எண்பதுகளில் வேலைபார்த்த ஒலிப்பதிவாளர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

வீட்டில் எல்.பி.யோ, நல்ல கேசட்டோ, தாத்தா கச்சேரியில் பதிந்த ஸ்பூல் நாடாவோ வைத்திருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. கேட்பதற்கு 16 பிட்டே போதும் என்றாலும், பதிவுசெய்யும்போது 24 பிட் மிகவும் பயன்படும். உச்சத்தில் உடையாமல் இடம்விட்டுத் தாழ்வாக ஏற்றினாலும் இரைச்சல் கூடாது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஏற்றுங்கள். எந்த வடிகட்டியும் போடாத ஒரு பிரதியைத் தனியாக வையுங்கள். தட்டின் எண்ணையும், எந்தக் கருவியில் ஏற்றியது என்பதையும் எழுதிவையுங்கள். இரண்டு வட்டுகளில் சேமியுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். மதுரை வெயிலில் கான்கிரீட் கூரையின் கீழ்ப் பரண்மேல் கிடக்கும் தட்டு வளைந்துவிடும், நாடா ஒட்டிக்கொள்ளும். பங்குனி பிறப்பதற்குள் கீழே இறக்கிவிடுங்கள்.